புதன்கிழமை ஜெபத்தில் ஒரு பெயர்

11

புதன்கிழமை காலை ஜெரிலின் சமையலறைக்குள் வந்தபோது, இல்லாத ஒருவனுக்காக அவள் அம்மா கோழி வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"கேசரோல்" என்றாள் நெவா. "ஹாய்ட் ரேலனுக்கு. உங்கப்பா உத்தரவு."

லிண்டர்வில்லில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வாசலுக்கு கேசரோல் வந்துவிடும். கோழி, சோறு, சீஸ், மேலே நொறுக்கிய பிஸ்கட். காய்ச்சலுக்கும் அதுதான், கால் முறிவுக்கும் அதுதான். சாவு வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் பெரிய பாத்திரம்.

ஹாய்ட் ரேலனுக்குத் தொண்டையில் கோளாறு. ஊர் அப்படி நம்பியது. நம்பவைத்தவள் ஜெரிலின். ஹாய்ட் ரேலனையே செய்தவளும் அவள்தான்.

ஒன்பது வருடமாக, வியாழக்கிழமைதோறும் பல் ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் அவள் பாட்டுக்குப் பேர்போன நாஷ்வில்லுக்குக் காரோட்டிப் போவாள். பாட்டெழுதுகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்து முறைவைத்துப் பாடும் மதுக்கடைகளில் தன் பாட்டைப் பாடுவாள். பாட்டை யாரும் குறை சொன்னதில்லை. குரலைப் பற்றி யாரும் எதுவுமே சொன்னதில்லை.

போன குளிர்காலத்தில் சொல்லையும் மெட்டையும் ஏஐயிடம் கொடுத்து, ஆண்குரலில் பாடச் சொன்னாள். தொப்பி போட்ட ஒரு முகத்தையும் அதுவே வரைந்து கொடுத்தது. பெயர் மட்டும் அவள் வைத்தது. வசந்தத்தில் ஹாய்ட் ரேலன் உள்ளூர் வானொலியில் பாடினான். கோடையில் டென்னசி முழுக்கப் பாடினான்.

அவனுடைய முதல் ரசிகர் ஆர்டெல் ப்ரூவெட். அவளுடைய அப்பா.

அப்பா மாவட்டப் பொருட்காட்சிக் குழுவில் இருப்பவர். சனிக்கிழமை மேடைக்கு வரச்சொல்லி ஹாய்ட் ரேலனுக்கு எழுதினார். மேனேஜர் என்ற பெயரில் ஜெரிலின், நேரமில்லை என்று பதில் போட்டாள். அப்பா விடவில்லை. பன்றிப் போட்டியை வேண்டுமானாலும் வேறு நாளுக்கு மாற்றுவதாக எழுதினார். அவர் அப்படி யாருக்கும் இறங்கிவந்ததில்லை. ஜெரிலினுக்கு வேறு வழி தெரியவில்லை. தொண்டை என்று எழுதினாள். டாக்டர் பாடக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரம் அப்பா எழுந்து நின்று, அந்தத் தொண்டையை ஜெபக்குறிப்பில் சேர்த்துவிட்டார்.

இன்று மாலை ஜெபக்கூட்டம். ஜெபத்தை நடத்தப்போவதும் அப்பாதான்.

ஒரு பாடகனைப் பற்றிப் பொய் சொல்லலாம். அந்தப் பொய்க்காக ஊரே முழங்கால் போடும்போது பக்கத்தில் வாய் மூடி நிற்க முடியாது. மாலைக்குள் சொல்லியாக வேண்டும். சொன்னால், தன் பாட்டுக்கு அப்பாவிடமிருந்து முதன்முதலாகக் கிடைத்த பாராட்டும் கையைவிட்டுப் போகும்.

அப்பா பூட்ஸ் சத்தத்தோடு உள்ளே வந்தார். கையில் ஒரு பெரிய வாழ்த்து அட்டை.

"ஜெரி, கையெழுத்துப் போடு. நீ மட்டும்தான் பாக்கி."

அட்டை முழுக்க சபையார் பெயர்கள். நடுவில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒரு தொண்டை வரைந்திருந்தார்கள். மரவட்டை மாதிரி இருந்தது.

'சீக்கிரம் குணமாகுங்கள்' என்று எழுதிக் கீழே பெயர் போட்டாள்.

"அவ்வளவுதானா? பாட்டெழுதறவள்னு பேரு. நல்லதா நாலு வார்த்தை எழுத வராதா?"

"அவரை எனக்குத் தெரியாதேப்பா."

"எனக்கு மட்டும் தெரியுமா? அவன் பாடறதைக் கேட்டாலே போதும். தெரிஞ்ச மாதிரிதான்." அப்பா அட்டையை வாங்கி உறையில் போட்டார். "நாளைக்கு லீவு போட்டிருக்கேன். நாஷ்வில் போய் இதையும் கேசரோலையும் கொடுத்துட்டு வந்துடறேன்."

"எங்க போய்க் கொடுப்பீங்க?"

"விலாசம் கேட்டு மேனேஜருக்கு இப்பத்தான் எழுதினேன்."

ஜெரிலினின் கோட்டுப் பைக்குள் போன் ஒருமுறை அதிர்ந்தது.

"நல்ல பொண்ணு அந்த மேனேஜர்" என்றார் அப்பா. "உடனே பதில் போட்டுடும்."

கதவு மூடியது. வெளியே, பண்ணை பண்ணையாகப் போய்க் கேஸ் நிரப்பும் அவருடைய லாரி உறுமிக்கொண்டு கிளம்பியது.

நெவா செலரித் தண்டை நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அவனுக்கு வெங்காயம் ஒத்துக்குமா?"

"யாருக்கு?"

"ஹாய்ட் ரேலனுக்கு. இல்ல, அவனுக்கு வாயே கிடையாதா?"

ஜெரிலின் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"எப்படித் தெரிஞ்சுதும்மா?"

"உங்கப்பா லாரிக் கதவு துருப்பிடிச்சு ஓட்டை விழுந்தப்ப, பழைய நம்பர் பிளேட்டை வச்சு அடைச்சார். அது எப்படி ரேடியோல அவன் பாட்டுல வருது?"

"அப்பாவுக்குத் தெரியலையே."

"அவருக்கா? 'நெவா, என்னை மாதிரியே இன்னொருத்தனும் கதவை அடைச்சிருக்கான்'னு ஒரே சந்தோஷம். ரெண்டு நாள் அதையே சொல்லிக்கிட்டிருந்தார்."

ஜெரிலினுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

"தெரிஞ்சுமா கோழி வேகவைக்கற?"

"கோழி நிஜந்தானே. யாராவது சாப்பிடுவாங்க." நெவா கத்தியைக் கீழே வைத்தாள். "ஜெரி, ஒண்ணு கேக்கறேன். அந்தக் குரலை எங்க பிடிச்ச?"

"எங்கயும் பிடிக்கல. அதுவே ஒவ்வொண்ணாப் பாடிக் காட்டுச்சு. எதுவும் சரியா வரலை. கடைசியா இது வந்துச்சு. இதான்னு தோணுச்சு."

"ஏன் தோணுச்சு?"

"தெரியலம்மா. அந்தக் குரலைக் கேட்டா பயமில்லாம இருந்துச்சு."

நெவா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. பிறகு திரும்பி அடுப்பின் கதவைத் திறந்து பாத்திரத்தை உள்ளே தள்ளினாள்.

"இன்னிக்கே சொல்லிடு. கூட்டத்துக்கு முன்னாடி. அந்த மனுஷன் மூணு நாளா விடியக்காலம் முழங்கால் போடறார். வலிக்கற அந்த முழங்காலை வச்சுக்கிட்டு."

*

மத்தியானம் ஜெரிலின் பல் ஆஸ்பத்திரியில் அரை நாள் விடுப்புச் சொன்னாள். அப்பாவுக்கு போன் செய்து, லாரியில் கூட வரட்டுமா என்று கேட்டாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. வாசலில் வந்து ஹாரன் அடித்தார்.

ஏறி உட்கார்ந்ததும் அவள் முழங்கால் அந்தப் பழைய நம்பர் பிளேட்டில் இடித்தது. எப்போதும் அங்கேதான் இடிக்கும்.

ஊர் எல்லை தாண்டி மேய்ச்சல் நிலங்கள் தொடங்கியதும் வானொலியில் ஹாய்ட் ரேலன் வந்தான். அப்பா சத்தத்தைக் கூட்டினார்.

"நீங்க கூடப் பாடலையா?" என்றாள். அவள் சிறு பெண்ணாக இருந்தபோது இதே லாரியில் வழியெல்லாம் பாடிக்கொண்டே போவார்.

"அவன் பாடறப்ப நாம வாயை மூடிக்கணும்."

மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்ட ஒருவன் பாடும் பாட்டு அது. அவள் எப்போதாவது வருவாள் என்று வண்டியை வாசல் பார்த்தே நிறுத்துகிறான்.

*கதவு ஓட்டைக்குப் பழைய நம்பர் பிளேட்,*
*காற்று வந்துகொண்டுதான் இருக்கிறது,*
*நீதான் வரவில்லை.*

அப்பா ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவது நின்றது.

"பாத்தியா? அழுகைங்கற வார்த்தையே இல்ல. ஆனா அழறான். நீயும் ஒன்பது வருஷம் நாஷ்வில் போன. இந்த மாதிரி ஒரு வரி எழுதியிருக்கியா?"

ஜெரிலின் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். வைக்கோல் உருளைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

"அவனுக்கும் ஒரு பொண்ணு இருக்கணும்" என்றார் அப்பா. "மெம்ஃபிஸ் மாதிரி தூரத்துல கொடுத்திருப்பான். போன் பண்ணவும் தெரியாம, பண்ணாம இருக்கவும் தெரியாம உக்காந்திருப்பான். பொண்ணைப் பெக்காதவன் இதைப் பாட முடியாது."

அவளைக் கட்டிக்கொடுத்தது மெம்ஃபிஸில்தான். அங்கே இருந்த நாலு வருடத்தில் அப்பா ஒருமுறைகூட போன் செய்ததில்லை. விவாகரத்தாகித் திரும்பி வந்தபோது பின்னறைக்குப் புது விளக்குப் போட்டிருந்தார். அதைப் பற்றியும் பேசவில்லை.

"அப்பா, அவனுக்குப் பொண்ணு இல்ல."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அவனே இல்ல."

அப்பா திரும்பிப் பார்த்தார். பிறகு சாலையைப் பார்த்தார்.

"ஹாய்ட் ரேலன்னு யாரும் கிடையாதுப்பா. அது ஏஐ. கம்ப்யூட்டர் பாடுது. மூஞ்சியும் அது வரைஞ்சதுதான். மேனேஜர்னு எழுதினது நான். தொண்டைன்னு சொன்னதும் நான்."

அப்பா வானொலியை அணைத்தார்.

ஒரு கோழிப் பண்ணைக்குள் திருப்பி, கேஸ் தொட்டிப் பக்கத்தில் நிறுத்தி, இறங்கிக் குழாயை இழுத்துக்கொண்டு போனார். தொட்டியின் அளவு முள்ளைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பார்த்தார். குழாயைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

"இது நிறைஞ்சிருக்கு. போன வாரம் நான்தான் நிரப்பினேன்." கதவைச் சாத்தினார். "பக்கத்துப் பண்ணைக்குப் போகணும்."

இத்தனை வருடத்தில் அவர் தவறான பண்ணைக்குள் வண்டியைத் திருப்பியதில்லை.

லாரியை எடுக்கவும் இல்லை.

"பாட்டு?" என்றார்.

"என்னது?"

"பாட்டை யார் எழுதினது? அதையும் கம்ப்யூட்டர்தான் எழுதுச்சா?"

"இல்லப்பா. சொல்லு நான் எழுதினது. மெட்டும் என்னோடதுதான்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"அப்ப அந்தப் பொண்ணு?"

ஜெரிலின் முழங்காலுக்குப் பக்கத்திலிருந்த நம்பர் பிளேட்டை விரலால் ஒருமுறை தட்டினாள். டொக்கென்று கேட்டது.

அப்பா அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையால் அடித்த ஆணிகளை இப்போதுதான் முதல் தடவையாகப் பார்ப்பவர் மாதிரி.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு. நான் எழுதினதுன்னு தெரிஞ்சா பிடிக்காமப் போயிடுமோன்னு இருந்துச்சு. முதல் தடவை இந்தப் பாட்டைக் கேட்டப்ப நீங்க அழுதீங்க. அதை நான் பாத்தேன்."

"அழல. கேஸ் கசிஞ்சுது."

"சரிப்பா."

"நான் ஆண்டவர்கிட்ட ஒரு பொய்யைக் கொண்டுபோய் வச்சிருக்கேன் ஜெரி. 'அந்தப் பையன் தொண்டையைத் தொடும்'னு கேட்டிருக்கேன். அவர் எங்கன்னு தேடுவாரு?"

அதில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குத் தேவலை.

பக்கத்துப் பண்ணையில் கேஸ் நிரப்பி முடித்து வீடு வந்து சேரும்வரை அவர் வானொலியைத் திரும்பப் போடவில்லை.

*

சபை மண்டபத்தில் இரவுச் சாப்பாடு முடிந்திருந்தது. ஹாய்ட் ரேலனுக்கு என்று மூன்று வீட்டிலிருந்து கேசரோல் வந்திருந்தது. நெவாவுடையது நாலாவது. எல்லாம் மேசை ஓரத்தில் வரிசையாக மூடி வைக்கப்பட்டிருந்தன.

அப்பா எல்லோரிடமும் பேசினார். ஜெரிலினிடம் மட்டும் பேசவில்லை. ஜெபத்துக்கு ஆலயத்துக்குள் போனபோது அவளுக்கும் நெவாவுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தார். அது எப்போதும் அவர் உட்காரும் இடம்தான். நல்லதா கெட்டதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பாஸ்டர் டில்லார்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஜெபக்குறிப்புகளை வாசிக்கறதுக்கு முன்னாடி, யாராவது சாட்சி சொல்லணும்னா சொல்லலாம்."

அப்பா எழுந்தார். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை நான் ஒரு பேர் கொடுத்தேன். ஹாய்ட் ரேலன். அதை எடுத்துடுங்க பாஸ்டர்."

"ஸ்தோத்திரம்! குணமாயிட்டாரா?"

"இல்ல. அவருக்குத் தொண்டையே கிடையாது."

"ஐயோ" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "எடுத்துட்டாங்களா?"

"கேன்சரா இருக்கும்" என்றது இன்னொன்று. "எங்க மச்சானுக்கும் இப்படித்தான்."

"எடுக்கலை. இருந்தாத்தானே எடுக்க?" அப்பா தொண்டையைச் செருமினார். "அது மனுஷனே இல்ல. கம்ப்யூட்டர். பாட்டை எழுதினது என் பொண்ணு ஜெரிலின். அவனுக்கு உடம்பு சரியில்லேன்னு பொய் சொன்னதும் அவதான்."

ஜெரிலின் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் ஒரே ஆள் பண்ணினது" என்றார் அப்பா. "அதனால ரெண்டுக்கும் சேத்து அவ பேரைப் போட்டுக்குங்க. பொய்க்கு மன்னிப்பு. பாட்டுக்கு நன்றி. எனக்கும் ஒரு இடம் போடுங்க. அது நல்ல பாட்டுன்னு அவகிட்ட சொல்லாம, ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

உட்கார்ந்தார். பெஞ்சு கிறீச்சிட்டது.

பாஸ்டர் பேனாவைத் திறந்து, ஒரு பெயரை அடித்து, இரண்டு பெயர்களை எழுதினார். அதற்குள் யாரோ முதலில் சிரித்தார்கள். நெவாவாகத்தான் இருக்கும். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். "அப்ப கேசரோலை என்ன பண்றது?" என்று ஒரு குரல் கேட்டது. "நாளைக்கும் சாப்பிடலாம்" என்றது இன்னொன்று.

ஜெரிலின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ன?" என்றார் அப்பா, முன்னால் பார்த்தபடியே.

"கேஸ் கசிஞ்சுது."

அவர் வாய் ஓரம் லேசாக அசைந்தது.

ஜெபம் முடிந்தது. பாட எழுந்து நின்றார்கள். சபையில் எல்லோருக்கும் மனப்பாடமான பழைய பாட்டு. பியானோ தொடங்கியது. பெண்கள் மேல் சுருதியில் எடுத்தார்கள். இரண்டாவது வரியில் ஆண்கள் கீழிருந்து சேர்ந்தார்கள்.

அவளுக்குப் பக்கத்தில், வலப்புறம், அப்பா பாடினார்.

ஜெரிலின் பாட்டுப் புத்தகத்தைக் கீழே இறக்கினாள்.

வரி முடியும் இடத்தில் குரல் கொஞ்சம் தளர்ந்து, சரிந்து, தாங்கிக்கொண்டது. அந்தச் சரிவு அவளுக்குத் தெரியும். குளிர்காலம் முழுக்கக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்டது. ஒவ்வொரு குரலாகத் தள்ளிவிட்டு, இதுதான் என்று நிறுத்திய இடம். லாரியின் முன் இருக்கையில் சுருண்டு படுத்துத் தூங்கிப்போன சின்னப் பெண் கேட்ட குரல்.

அப்பாவைத் தாண்டி நெவா எட்டிப் பார்த்தாள். 'இப்பவாவது கேட்டுதா?' என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள்.

முன் வரிசையில் ஓபலின் டீச்சர் மெல்லத் திரும்பினார். அப்பாவுக்கே எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். காதுக் கருவியை விரலால் சரிசெய்துகொண்டு, பாட்டுக்கு நடுவிலேயே சொன்னார்.

"ஆர்டெல், அந்தப் பையனுக்குத் தொண்டை இல்லேன்னியே. இருக்குடா. உங்கிட்டதான் இருக்கு."

அப்பாவின் குரல் நின்றது. கீழ் சுருதியில் பெரிய பள்ளம் விழுந்த மாதிரி ஆனது. பாடிக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பொருட்காட்சிக் குழுத் தலைவர் வர்ஜில் ஹூப்பரும் திரும்பினார். வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"சனிக்கிழமை மேடை காலியாத்தான் இருக்கு ஆர்டெல்."

அப்பாவின் கழுத்திலிருந்து காதுவரை சிவந்தது. மகள் பக்கம் குனிந்தார்.

"என்ன பண்ணி வச்சிருக்க நீ?"

"சத்தியமாத் தெரியலப்பா. கேட்டா பயமில்லாம இருந்துச்சு. அதான் எடுத்தேன்."

அவர் அதை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தி, இருவருக்கும் நடுவில் பிடித்தார்.

"நான் மேடை ஏறணும்னா பக்கத்துல நீயும் நிக்கணும்."

"என் குரல் தகரம்ப்பா."

"தெரியும். கேட்டிருக்கேன்."

"வீட்லயா?"

"நாஷ்வில்ல. கடைசி மேசையில உக்காந்து."

ஜெரிலின் அவரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்து அப்பா நாஷ்வில் போனதே இல்லை. அவள் அங்கே பாடியது ஒருமுறை இரண்டுமுறை இல்லை. எந்த வியாழக்கிழமை? எந்தப் பாட்டு? ஏன் எழுந்து வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை?

"எப்பப்பா?"

பியானோ அடுத்த அடிக்குத் திரும்பியிருந்தது. அப்பா முன்னால் பார்த்து, மூச்சை இழுத்து, பாடத் தொடங்கினார்.